குறிஞ்சாக்கேணியின் கேள்வி



2021 நவம்பர் 23. இலங்கையின் கிண்ணியாவில் உள்ள குறிஞ்சாக்கேணியில் பிள்ளைகள் காலையில் பள்ளிக்கூடம் புறப்பட்டார்கள். பழைய பாலத்தை அகற்றிப் புதிய பாலம் கட்டும் வேலை தொடங்கியிருந்ததால், களப்பைக் கடக்க அவர்களுக்குப் படகுப்பாதைதான் இருந்தது. அந்தப் படகு கவிழ்ந்தது. அன்றே ஆறு உயிர்கள் போயின, அதில் நான்கு பிள்ளைகள். பிறகு அந்த எண்ணிக்கை கூடியது.

அந்தப் படகுக்கு அனுமதி கொடுத்தது யார்? பாதுகாப்பு அங்கி இருந்ததா என்று பார்த்தது யார்? பாலம் முடியும்வரை ஒழுங்கான மாற்றுவழி ஏன் இல்லை? நகரசபை, வீதி அபிவிருத்தி அதிகார சபை, அரசாங்கம், எதிர்க்கட்சி என்று பழி கைமாறிக்கொண்டே போனது. நகரசபைத் தலைவர் கைதானார். நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் வீட்டை ஆத்திரத்தில் மக்கள் தாக்கினார்கள். வீட்டைத் தாக்குவது சரியல்ல. ஆனால், கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் வராத இடத்தில்தான் மக்கள் கல்லை எடுக்கிறார்கள்.

"இது என் பொறுப்பு, நான் தவறிவிட்டேன்" என்று சொல்ல ஓர் அரசியல்வாதிக்குத் துணிச்சல் வேண்டும். அதைச் சொன்னால் அடுத்த தேர்தலில் வாக்குக் குறையலாம். சொல்லாவிட்டாலோ, யாரைத் தண்டிப்பது, யாரை மறுபடி அனுப்புவது என்று தெரியாமலே வாக்காளர் புள்ளடி போடுகிறார். தேர்தல் நடக்கும், கணக்குக் கேட்க மட்டும் முடியாது.

அந்தப் பாலத்தின் வேலையும் வருடக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் அதே கரையில்தான் வாழ்கிறார்கள்.