திருகாணிக்கு முந்திய நாட்கள்



இந்த மாநாட்டின் நிகழ்ச்சி நிரலில் பெரும்பாலான கட்டுரைகள் அட்லஸ், ஆக்சிஸ் என்னும் மேல் கழுத்தெலும்புகள் இரண்டில் திருகாணி செலுத்துவது பற்றியவை. தலையை இடமும் வலமும் திருப்புகிறோமே, அந்த அசைவில் ஏறத்தாழப் பாதி இந்த இரண்டு எலும்புகளுக்கு நடுவேதான் நடக்கிறது. ஆக்சிஸிலிருந்து மேலெழும் ஓடான்டாய்டு முனையே அதற்கு அச்சு. அது அடிப்பகுதியில் முறிந்துவிட்டால், அதாவது ஆண்டர்சனும் டி'அலான்சோவும் 1974இல் வகுத்த இரண்டாம் வகை முறிவானால், தானாக ஒட்டாமல் போகும் வாய்ப்பு மிகுதி.

இந்த எலும்புகளைப் பின்புறமிருந்து பூட்டுவதில் நம் நாட்டின் பங்கு பெரிது. அப்போது மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் இருந்த அதுல் கோயல், அட்லஸிலும் ஆக்சிஸிலும் தனித்தனியே திருகாணி போட்டுத் தகட்டால் இணைக்கும் முறையை லஹேரியுடன் சேர்ந்து 1994இல் வெளியிட்டார். 2001இல் ஹார்ம்ஸும் மெல்ஷரும் தகட்டுக்குப் பதிலாக ராடு வைத்தார்கள். முறை உலகெங்கும் பரவியது. உறுதிக்கு அதில் குறையில்லை. ஆனால் இரண்டு எலும்பும் ஒன்றாக இறுகிவிடுவதால் அந்தப் பாதிச் சுழற்சி போய்விடுகிறது. பின்னால் வரும் வண்டியைத் திரும்பிப் பார்க்க ஓட்டுநர் உடம்பையே திருப்ப வேண்டியிருக்கிறது.

சுழற்சியைக் காப்பாற்றுவது முன்புறத் திருகாணி. நாகனிஷி 1980இலும் போலர் 1982இலும் எழுதியது. மாணவர்களுக்காகச் சற்று விரித்துச் சொல்கிறேன். நோயாளியை மல்லாக்கப் படுக்க வைத்து, வாய் திறந்திருக்கும்படி துணிச்சுருளை இடுக்கி, நேரிலும் பக்கவாட்டிலும் படம் தெரிய இரண்டு சி-ஆர்ம் கருவிகளை நிறுத்துகிறோம். கீறல் விழுவது கழுத்தின் நடுப்பகுதியில். அங்கிருந்து மேல்நோக்கிப் போய், ஆக்சிஸின் கீழ்முன் விளிம்பில் மெல்லிய வழிகாட்டிக் கம்பியை ஊன்றுகிறோம். கம்பி முறிவைக் கடந்து முனையைத் தொட்டதும், அதன் மேலேயே துளையிட்டுத் திருகாணியை ஏற்றுகிறோம். மரை நுனியில் மட்டுமே இருப்பதால், இறுகும்போது உடைந்த துண்டு கீழே இழுபட்டு ஆக்சிஸின் உடற்பகுதியோடு பொருந்துகிறது. துளையிடும்போது கம்பியும் சேர்ந்து மேலே நகரக்கூடும்; அதற்கு அப்பால் மூளைத்தண்டு. ஆகவே ஒவ்வொரு சுற்றுக்கும் படத்தைப் பாருங்கள்.

இது எல்லாருக்கும் பொருந்தாது. குறுக்குத் தசைநார் அறுந்திருந்தாலும், முறிவுக்கோடு முன்னோக்கிக் கீழே சரிந்திருந்தாலும் இதைத் தொட வேண்டாம். எலும்பு தேய்ந்த முதியவர்களுக்குப் பின்புறப் பூட்டே நல்லது. சிலருக்குக் கழுத்துப் பட்டையே போதும். எல்லாவற்றுக்கும் மேலான நிபந்தனை காலம். அப்ஃபெல்பாம் குழுவினர் 2000இல் வெளியிட்ட தொகுப்பில், ஆறு மாதத்துக்கு உட்பட்ட முறிவுகளில் 88 சதவீதம் கூடின. பதினெட்டு மாதம் கடந்தவற்றில் கூடியது 25 சதவீதம்தான்.

அந்த மாதங்கள் எங்கே போகின்றன? தென்னை மரத்திலிருந்து விழுந்தவரோ டூவீலரிலிருந்து விழுந்தவரோ பல நேரம் நடந்தேதான் மருத்துவமனைக்கு வருகிறார். அந்த மட்டத்தில் தண்டுவடக் குழாய் அகலமானது. கைகால் நன்றாக இருக்கும். தலையை மட்டும் இரு கையாலும் தாங்கிப் பிடித்திருப்பார். அந்தக் கைகளைக் கவனிக்காமல், பக்கவாட்டு எக்ஸ்ரே ஒன்று எடுத்து, வலி மாத்திரை தந்து அனுப்பிவிடுகிறோம். வீட்டில் அதற்குச் சுளுக்கு என்று பெயர். யாரோ எண்ணெய் தடவி, கழுத்தைப் பிடித்துத் திருப்பிச் சொடுக்கெடுக்கிறார்கள். பல மாதம் கழித்துக் கை மரத்து, நடை தடுமாறி நம்மிடம் வரும்போது, பின்புறம் பூட்டுவதைத் தவிர நமக்கு வேறு வழி இருப்பதில்லை. சுழற்சியை நாம் இழப்பது தியேட்டரில் அல்ல. அவசரப் பிரிவில், முதல் நாளிலேயே. இதை நம் துறை போதிய அழுத்தத்தோடு சொல்லவில்லை என்பது என் வருத்தம்.

திருகாணி போடத் தெரிந்தவர்கள் இந்த அவையில் பலர் இருக்கிறோம். முதுகெலும்புத் தமனியின் போக்கை சி.டி.யில் பார்க்காமல் பின்புறத் திருகாணி தொடக்கூடாது என்பதும் நமக்குப் பாடமாகிவிட்டது. தாலுகா மருத்துவமனையில் இரவுப் பணியில் இருக்கும் இளம் மருத்துவருக்குத்தான் நாம் இன்னும் எதுவும் எழுதித் தரவில்லை. விழுந்து கழுத்து வலி என்று வந்தால் முதலில் கழுத்தை அசையாமல் கட்டு, வாய் திறந்த படம் எடு, ஐயம் இருந்தால் சி.டி.க்கு அனுப்பு, முதியவர் வாசற்படியில் தடுக்கி விழுந்திருந்தாலும் இதையே செய் என்று தமிழில் ஒரே பக்கம் போதும். அவசரப் பிரிவின் சுவரில் ஒட்டும்படி இருக்க வேண்டும். அதன் வரைவை நாளை மாலைக்குள் இந்த மாநாடு முடித்துத் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அதற்காக நிரலில் ஒரு மாற்றத்துக்கு அமைப்பாளர்கள் இசைந்திருக்கிறார்கள். கடைசி அமர்வில் பேச இருந்த மாவட்ட மருத்துவமனை மருத்துவர்கள் இப்போது முதலில் பேசுவார்கள். அவர்களை மேடைக்கு அழைக்கிறேன்.