பதவிதான் கதவைத் திறக்கும்!



"ஊரைத் திருத்த ஒரு பாட்டு போதும், பதவி எதுக்கு?"ன்னு எதிரணித் தோழி கேட்டாங்க. நான் ஒரு பாட்டுக்காரரையே சாட்சிக்குக் கூப்பிடுறேன். ஆஸ்திரேலியாவின் 'மிட்நைட் ஆயில்' ராக் குழுப் பாடகர் பீட்டர் காரெட். நெடுநெடுன்னு உயரம், பளபளன்னு மொட்டை! (சிரிப்பு)

அலாஸ்கா கடலில் எண்ணெய் கொட்டிய எக்ஸான் கம்பெனியின் நியூயார்க் அலுவலக வாசலிலேயே, 1990-ல் லாரி மேல் நின்று பாடினார். 2000 சிட்னி ஒலிம்பிக் நிறைவு விழாவிலே, பூர்வகுடிகளுக்காக 'ஸாரி' என்று எழுதிய கறுப்பு உடையில் பாடினார். உலகமே பார்த்தது. அரசு மன்னிப்புக் கேட்டதா? 2008 வரை கேட்கலை! கேட்டவர் யாரு? நாற்காலியில் இருந்த பிரதமர் கெவின் ரட்! (கைதட்டல்)

அந்த அமைச்சரவையிலே காரெட்தான் சுற்றுச்சூழல் அமைச்சர். 2009-ல் மேரி ஆற்றில் டிராவஸ்டன் அணை கட்டினால், அபூர்வமான நுரையீரல் மீனுக்கு ஆபத்து. அனுமதி மறுத்தார், அணை நின்றது.

"அதே வருஷம் யுரேனியச் சுரங்கத்துக்கு அனுமதி கொடுத்தாரே?"ன்னு கேட்பீங்க. கொடுத்தார். அணு ஆயுதத்தை எதிர்த்து 1984-ல் தேர்தலில் நின்ற மனுஷன் கொடுத்தார். எனக்கும் வலிக்குதுங்க. பேனாவுக்கு அவ்வளவு பலம் இருக்கிறதாலேதானே வலிக்குது? அதை நல்லவங்க தொடமாட்டோம்னா, வேற யார் கையிலே போகும்?

பாட்டு கதவைத் தட்டும். பதவிதான் திறக்கும் என்று கூறி அமர்கிறேன்.