கீழாநெல்லி: பெயரும் பொருளும்



தியாகராய நகரில் பனகல் பூங்காவை ஒட்டிச் செல்லும் உஸ்மான் சாலையில் நாள்தோறும் பல்லாயிரவர் நடந்து செல்கின்றனர். பூங்காவிற்குப் பெயர் தந்த பனகல் அரசரும் சாலைக்குப் பெயர் தந்த முகமது உஸ்மானும் ஒரு வினாவினால் பிணைக்கப்பட்டவர்கள் என்பது, பட்டும் நகையும் வாங்க அங்கே வருவோர்க்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. நாட்டு மருத்துவம் அறிவியல் ஆகுமா என்பதே அவ்வினா.

1918ஆம் ஆண்டில் சென்னை மாகாண அரசு, நாட்டு மருந்துகளை ஆராயும் பணியை டாக்டர் கோமன் என்பவரிடம் ஒப்படைத்தது. ஆங்கில மருத்துவம் பயின்ற அவர் அளித்த அறிக்கை நாட்டு வைத்தியர்க்கு உவப்பாக இல்லை. ஒரு சில மருந்துகளைத் தவிர ஏனையவற்றில் பெரும்பயன் இல்லை என்பதே அதன் சாரம். எதிர்ப்புக் குரல் எழுந்தது. பனகல் அரசர் முதலமைச்சராக இருந்த 1921இல் முகமது உஸ்மான் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டு, 1923இல் அதன் அறிக்கை வெளிவந்தது. குழுவின் செயலராகப் பணியாற்றியவர் கேப்டன் சீனிவாசமூர்த்தி. மேலை மருத்துவத்தில் பட்டம் பெற்றவர். அடையாறு பிரம்மஞான சபையின் நூலகத்திற்குப் பின்னாளில் இயக்குநராகவும் இருந்தவர். சித்தம், ஆயுர்வேதம், யுனானி ஆகியவை தமக்கெனக் கொள்கையும் முறையும் உடைய அறிவியல்களே என்று அக்குழு தீர்ப்பளித்தது. அதன் பயனாகக் கீழ்ப்பாக்கத்தில் 1925இல் இந்திய மருத்துவப் பள்ளி தோன்றியது; சீனிவாசமூர்த்தி அதன் முதல் முதல்வரானார்.

இதற்கும் முன்பே, 1905இல், வி. கிருஷ்ணசாமி ஐயர் மயிலாப்பூரில் வேங்கடரமண வைத்தியசாலையையும் ஆயுர்வேதக் கல்லூரியையும் நிறுவியிருந்தார். வைத்தியர்களே கூடி 1944இல் தொடங்கிய இம்ப்காப்ஸ் கூட்டுறவு மருந்தகம் இன்றும் திருவான்மியூரில் மருந்து செய்து தருகிறது. இந்நகரின் தென்பகுதிக்கு நாட்டு மருத்துவம் அயலானதன்று.

ஆயினும் குழுவின் தீர்ப்பு ஒரு முறைமை முழுவதைப் பற்றியது. இந்த நோய்க்கு இந்தச் செடி உதவுமா என்ற வினா அதனினும் சிறியது, அதனினும் கடினமானது. ஒரு செடியைப் பொறுத்தவரை அவ்வினாவிற்கு விடை காணும் முயற்சி சென்னையிலேயே நிகழ்ந்து, உலகின் கவனத்தை ஈர்த்து, பின்னர் சிக்கலிலும் சென்று முடிந்தது. அச்செடி கீழாநெல்லி.

மழை பெய்து ஓய்ந்தபின் வீட்டுச் சுற்றுச்சுவர் ஓரத்திலும் கோயில் நந்தவனத்திலும் தானே முளைக்கும் சிறுசெடி அது. நெல்லியிலை போன்ற சிற்றிலைகள் இருபுறமும் வரிசையாக அமைந்திருக்கும். இலைக்காம்பின் அடியில், கீழ்நோக்கி, கடுகினும் சற்றே பெரிய காய்கள் தொங்கும். கீழ்க்காய்நெல்லி என்றும் இதற்கு ஒரு பெயர் உண்டு. செடியை அடையாளம் காணும் குறிப்பையே பெயராக்கி வைத்த நுட்பம் கருதத்தக்கது. பெயரை அறிந்தவன் செடியைத் திருப்பிப் பார்த்தால் போதும். நூலைத் தேட வேண்டியதில்லை. மஞ்சள் காமாலை கண்டவர்க்கு இதனை வேரோடு பறித்து, அரைத்து, மோரில் கலந்து வெறும் வயிற்றில் கொடுப்பது தமிழகமெங்கும் வழங்கும் கைமுறை.

அந்தக் கைமுறையால் குணமானவர் எண்ணற்றோர் என்பது உண்மை. ஆனால் அதில் ஒரு மயக்கம் உண்டு. நீர் வழியாகவும் உணவு வழியாகவும் பரவும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணிந்துவிடும். கீழாநெல்லி குடித்தவரும் தேறுவர், குடியாதவரும் தேறுவர். செடி குணப்படுத்தியதா, காலம் குணப்படுத்தியதா என்று பிரித்தறிய ஊர் அனுபவம் உதவாது. அதே வேளையில் எல்லாக் காமாலையும் தானே தணிவதன்று. கருவுற்ற பெண்டிர்க்கு 'ஈ' வகைக் காமாலை உயிருக்கே கேடாகலாம். மோரை நம்பி மருத்துவமனைக்குச் செல்வதைத் தள்ளிப்போட்டு உயிரிழந்த குடும்பத்தார்க்குக் கீழாநெல்லியின் புகழ் ஆறுதலாகாது.

இந்த மயக்கத்தைத் தாண்டும் வழியைக் கண்டவர்கள், அடையாற்றை அடுத்த தரமணியில் இயங்கும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனத்தினர். நுண்ணுயிரியல் பேராசிரியரும் பின்னாளில் அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கியவருமான எஸ்.பி. தியாகராஜனும் அவருடைய குழுவினரும் தானே தணியும் காமாலையை விட்டுவிட்டு, 'பி' வகைக் கிருமியை நெடுங்காலமாகக் குருதியில் சுமந்து திரிவோரைத் தேர்ந்தனர். அக்கிருமி எளிதில் விலகுவதன்று. எனவே மருந்து கொடுத்தபின் விலகினால் அதற்கு மருந்தே காரணம் என்று கருத ஓரளவு இடமுண்டு. 1982இலேயே கரிசலாங்கண்ணி, கீழாநெல்லி ஆகிய இரண்டின் சாறுகளும் அக்கிருமியின் மேற்பரப்புப் புரதத்தைச் சோதனைக் குழாயில் செயலிழக்கச் செய்வதை அவர்கள் கண்டிருந்தனர். பின்னர் அமெரிக்க அறிஞர் பாரூக் பிளம்பர்க் இம்முயற்சியில் இணைந்தார். 'பி' கிருமியைக் கண்டறியும் வழியைத் திறந்து, அதற்காக 1976இல் நோபெல் பரிசு பெற்றவர் அவர்.

1988இல் இலண்டனிலிருந்து வெளிவரும் 'லான்செட்' இதழில் அக்குழுவின் கட்டுரை வந்தது. உலர்த்திப் பொடித்த செடியை 200 மில்லிகிராம் அளவில் உறைகளில் இட்டு 30 நாட்கள் கொடுத்தனர். மற்றொரு சாரார்க்கு மருந்தில்லாப் போலி உறை. சிகிச்சை முடிந்து 15 முதல் 20 நாட்களில் சோதித்தபோது, மருந்து உண்ட 37 பேரில் 22 பேரிடம் கிருமியின் புரதம் காணப்படவில்லை. போலி உறை உண்ட 23 பேரில் அவ்வாறு தெளிந்தவர் ஒருவரே. நூற்றுக்கு 59 என்பதும் நூற்றுக்கு 4 என்பதும் சிறிய வேறுபாடல்ல. வேலியோரத்துச் செடி உலகின் மருத்துவ மேடையில் ஏறிய நாள் அது.

அந்த மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. 1990இல் தாய்லாந்திலும் 1994இல் நியூசிலாந்திலும் செய்த ஆய்வுகளில் அந்தப் பயன் தோன்றவில்லை. பல நாட்டு ஆய்வுகளையும் ஒருங்கே சீர்தூக்கிய 2011ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு, போலி மருந்தினும் கீழாநெல்லி இனம் மேலானது என்பதற்கு நம்பத்தக்க சான்றில்லை என்று முடித்தது. இதனைச் சென்னை ஆய்வின் தோல்வியாக மட்டும் காண்பது முறையன்று. மருந்து உண்டவர் முப்பத்தேழு பேரே ஆன சிறிய ஆய்வு, குறுகிய காலக் கண்காணிப்பு என்ற குறைகள் அதற்கு உண்டு. அவற்றை மறைப்பதும் முறையன்று. ஆனால் ஆய்வாளர்கள் செய்யத்தக்கதைச் செய்தனர். தம் முடிவைப் பிறர் சோதிக்கக்கூடிய வடிவில் உலகின் முன் வைத்தனர். பாட்டி வைத்தியம் பொய்க்காது என்று மேடையில் முழங்குவதைக் காட்டிலும் இதற்குத் துணிவு மிகுதியாக வேண்டும்.

இங்கே தமிழாய்வாளர் காது கொடுக்கவேண்டிய ஒரு செய்தி உண்டு. 1982ஆம் ஆண்டுக் கட்டுரையிலும் 1987இல் வந்த மற்றொரு கட்டுரையிலும் செடியின் இலத்தீன் பெயர் 'ஃபில்லாந்தஸ் நிரூரி'. 1988இல் அதுவே 'ஃபில்லாந்தஸ் அமாரஸ்'. செடி மாறவில்லை, பெயர் மாறிற்று. இக்குழப்பத்தின் வேர் பழமையானது. கொச்சியில் ஆண்ட டச்சு ஆளுநர் வான் ரீட், மலையாள வைத்தியர்களின் துணையோடு தொகுத்த 'ஹோர்ட்டூஸ் மலபாரிக்கூஸ்' 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. அதில் 'கிர்கநெலி' என்ற பெயரோடு நம் செடியின் படம் உண்டு. கீழாநெல்லி என்னும் சொல்லே டச்சுக்காரர் செவியில் அவ்வாறு ஒலித்திருக்கிறது. 1753இல் லின்னேயஸ், அந்த மலபார்ச் செடியையும் மேற்கிந்தியத் தீவிலிருந்து வந்த வேறொரு செடியையும் ஒன்றெனக் கொண்டு 'நிரூரி' என்ற ஒரே பெயருக்குள் அடக்கினார். நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி, இந்தியாவில் உள்ளது வேறு என்று தாவரவியலார் தெளிவுபடுத்த இருநூறு ஆண்டுகள் ஆயின. காய் எந்தப் பக்கம் தொங்குகிறது என்று சொல்லும் தமிழ்ப்பெயர் அதுவரை தன் வேலையைச் செய்துகொண்டே இருந்தது.

தமிழ்ப்பெயரிலும் மயக்கம் இல்லாமலில்லை. மேலாநெல்லி என்று ஒரு செடி உண்டு. லின்னேயஸ் அதற்கிட்ட பெயர் 'மதராஸ்பதென்சிஸ்'. மதராசப்பட்டினத்துக்கு உரியது என்று பொருள். இந்நகரின் பெயரைத் தாங்கிய அச்செடி கீழாநெல்லிக்கு மாற்றாகவும் கலப்பாகவும் விற்கப்படுகிறது என்பது ஒரு வேடிக்கை. தென்னிந்தியாவின் 25 மருந்துச் சரக்குக் கடைகளில் வாங்கிய கீழாநெல்லியை மரபணு வழியே சோதித்து 2010இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, நூற்றுக்கு 76 கடைகளில் சரியான செடியே இருந்ததாகவும், ஏனையவற்றில் மேலாநெல்லி உள்ளிட்ட ஐந்து இனங்கள் காணப்பட்டதாகவும் தெரிவித்தது. நான்கில் மூன்று சரி என்பது கடைக்காரரின் நேர்மைக்குச் சான்று. நான்கில் ஒன்று தவறு என்பது நோயாளியின் கவலை.

இனி, அழற்சி. இச்சொல்லின் வேர் அழல், அதாவது தீ. மேலை மொழிகளிலும் இந்நிலைக்கு வழங்கும் சொல் தீயை அடியாகக் கொண்டதே. சிவப்பு, வெம்மை, வீக்கம், வலி ஆகிய நான்கும் அதன் பழைய அடையாளங்கள். சித்த மருத்துவம் கூறும் வளி, அழல், ஐயம் ஆகிய மூன்றனுள் அழலே பித்தம். காமாலை பித்த நோய். கல்லீரல் அழற்சி என்னும் இன்றைய கலைச்சொல் இந்தப் பழைய எண்ணத்தின் மேலேயே வந்து அமர்கிறது. சொற்கள் பொருந்துவதால் கொள்கைகளும் பொருந்திவிட்டன என்று துள்ளுவது தமிழாசிரியர்க்கு எளிதில் வரும் சபலம். அதனை அடக்குவதே நன்று.

எனினும் இத்துறையில் கீழாநெல்லிக்குச் சான்றுகள் உண்டு. 2003இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள், எலியின் கல்லீரலிலுள்ள காவல் செல்களில் இச்செடியின் சாறு அழற்சியைத் தூண்டும் பொருள்களின் உற்பத்தியைக் குறைப்பதைக் காட்டினர். ஆக்சிஜனேற்றத் தடுப்பும் அதற்குண்டு. அதனைச் சோதிக்கும் முறை எளிது. டி.பி.பி.எச். என்னும் ஊதா நிறப் பொருளின் கரைசலில் சாற்றைச் சொட்டினால் ஊதா மங்கி மஞ்சளாகும். எவ்வளவு விரைவில், எவ்வளவு சிறு அளவில் மங்குகிறது என்பதே அளவுகோல். துவர்ப்புப் பொருள் மிகுந்த நெல்லிக்காய், கடுக்காய், தேநீர் ஆகியனவும் இதில் வெல்லும். ஆனால் குழாயில் நிறம் மாறுவதும் மனித உடலில் நோய் மாறுவதும் ஒன்றல்ல. குடலில் செரிமானமாகி, குருதியில் ஏறி, கல்லீரலை எட்டும் அளவு என்ன என்ற வினாவைப் பெரும்பாலான விளம்பரங்கள் எழுப்புவதே இல்லை.

மஞ்சளின் கதை இதற்கு நல்ல ஒப்பு. அதன் குர்க்குமின் வீக்கத்தைக் குறைப்பதை 1973இல் இலக்னோ மத்திய மருந்து ஆய்வு நிலையத்தார் விலங்குகளில் நிறுவினர். அது உடலில் ஏறுவதோ மிகக் குறைவு. மிளகின் பைப்பரின் சேர்ந்தால் பன்மடங்கு ஏறும் என்று 1998இல் பெங்களூர் ஆய்வொன்று கண்டது. பாலில் மஞ்சளும் மிளகும் சேர்க்கும் தாய்மார்களின் வழக்கம் உடனே நினைவுக்கு வரும். அதே இணைப்பைச் செறிவாக்கி மாத்திரையாக விற்றபின், அதனை உண்டு கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களை அமெரிக்க மருத்துவர்கள் அண்மை ஆண்டுகளில் பதிவு செய்துள்ளனர். அடுப்பங்கரையில் சிட்டிகையாக இருந்தது குப்பியில் மருந்தளவானபோது வேறு பொருளாகிவிட்டது.

'பி' வகைக் காமாலைக்கு இன்று தடுப்பூசி உண்டு. 2011 முதல் இந்தியா முழுவதும் குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டத்தில் அது இடம்பெற்றுவிட்டது. கிருமியைச் சுமப்பவர்க்கு அதனை அடக்கும் மாத்திரைகளும் உள்ளன. கீழாநெல்லியை அவற்றுக்கு மாற்றாக நிறுத்த வேண்டியதில்லை. அழற்சியைத் தணிப்பதில் அதற்கு ஓர் இடம் இருக்கக்கூடும். அதனைக் கண்டறிய வேண்டுமாயின் சரியான செடியும், பறித்த பருவமும், கொடுத்த அளவும் எழுதி வைக்கப்பட வேண்டும்.

மயிலாப்பூர் கச்சேரி சாலையில் தலைமுறைகள் கடந்து நிற்கும் டப்பா செட்டி கடை போன்ற நாட்டு மருந்துக் கடைகளில் இன்றும் கீழாநெல்லி கேட்டால் கிடைக்கும். பச்சைச் செடியாயின் வாங்குபவர் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம். உலர்ந்த கட்டாயின் இலை நொறுங்கி, காய் உதிர்ந்து, கீழா மேலா என்று பெயர் சொன்ன அடையாளமே அதில் இருப்பதில்லை. பொடியாயின் கேட்கவே வேண்டாம். பெட்டியின் மேல் தமிழ்ப்பெயரோடு தாவரப் பெயரும், பறித்த ஊரும் மாதமும் அச்சிடுமாறு கேட்க வாங்குபவர்க்கு உரிமை உண்டு. இன்று அவ்வாறு கேட்போர் மிகச் சிலரே.