மொழியறிவின் படிகள்



"உனக்கு ஆங்கிலம் தெரியுமா?" என்று ஒருவரைக் கேட்டால், "தெரியும்" என்றோ "தெரியாது" என்றோ ஒரே சொல்லில் விடை வந்துவிடுகிறது. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துச் சம்சாரி ஒருவரிடம், "உங்கள் கிணற்றில் தண்ணீர் உண்டா?" என்று கேட்டுப் பாருங்கள். "குடிக்கக் கிடைக்கும், ஆடு மாடுகளுக்கும் காணும், பயிருக்குக் காணாது" என்பார். வானம் பார்த்த பூமியில் வாழ்கிறவர் நீரைப் பயனால் அளக்கப் பழகியவர். மொழியறிவையும் அவ்வாறே பயனால் அளக்க வேண்டும் என்பதே நான் இன்று சொல்ல விரும்புவது.

இத்தகைய அளவுகோல் ஒன்றை ஐரோப்பிய மன்றம் 2001ஆம் ஆண்டில் வெளியிட்டது. அதில் ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என ஆறு படிகள் உள்ளன. தன் பெயரையும் ஊரையும் சொல்லி, மெல்லப் பேசுவோரின் எளிய வினாக்களுக்கு விடை கூறுவது முதற்படி. கடையில் பொருள் வாங்கவும் வழி கேட்கவும் முடிவது இரண்டாம் படி. பயணத்தில் நேரும் இடர்களைச் சமாளித்து, பட்டறிவைக் கோவையாகச் சொல்வது மூன்றாவது. அம்மொழியைத் தாய்மொழியாக உடையவரோடு இருவருக்கும் சிரமமின்றி உரையாடி, ஒரு கருத்தை நிறுவியும் மறுத்தும் பேசுவது நான்காவது. கல்வியிலும் தொழிலிலும் சரளமாக இயங்குவது ஐந்தாவது. நுண்பொருள் வேறுபாடுகளையும் துல்லியமாக வெளியிடுவது ஆறாவது.

ஒருவருக்கு எல்லாத் திறனும் ஒரே படியில் நிற்கும் என்று கொள்ளலாகாது. கேட்டல், பேசல், படித்தல், எழுதல் என்பவை நான்கும் தனித்தனியே வளர்வன. நமது கரிசற் சீமையிலேயே இதற்குச் சான்று உண்டு. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் குடும்பங்கள் இங்குப் பல. அம்மொழியிற் சண்டையிடவும் தாலாட்டவும் வல்லவர் பலருக்கு அதன் எழுத்துத் தெரியாது. இதற்கு மறுதலையாக, ஆங்கில நூலை வரி பிசகாது படிக்கும் கல்லூரி மாணவர், ஆங்கிலத்தில் ஒருவர் விரைந்து பேசினால் திகைத்து நிற்கின்றார். சான்றிதழைப் பார்க்கும்போது, அஃது எத்திறனைச் சோதித்தது என்றும் பார்த்தல் வேண்டும். ஜப்பானிய மொழித் திறனுக்கான ஜே.எல்.பி.டி. தேர்வில் என்5 தொடக்கநிலை, என்1 உயர்நிலை. அத்தேர்வில் பேச்சும் எழுத்தாக்கமும் சோதிக்கப்படுவதில்லை. ஆகவே அதில் தேறியவர் பேசவும் வல்லவர் என்று முடிவு செய்ய இயலாது.

இனி, காலக் கணக்கைக் காண்போம். ஆங்கிலத்திற்குக் கேம்பிரிட்ஜ் தேர்வுத் துறையினர் தரும் தோராயமான கணக்கு இது: ஏ2 எய்த 180 முதல் 200 மணி நேரப் பயிற்சி; பி1 எய்த 350 முதல் 400; பி2 எய்த 500 முதல் 600; சி2 எய்த 1,000 முதல் 1,200. அமெரிக்க அயல்நாட்டுப் பணிப் பயிற்சிக் கழகமோ, ஆங்கிலம் பேசும் தன் அலுவலர் தமிழில் தொழில்புரியும் திறன் பெற ஏறத்தாழ 1,100 வகுப்பு மணிகளும், ஜப்பானிய மொழிக்கு 2,200 மணிகளும் வேண்டும் என்கிறது. ஆனால் ஜப்பானிய வாக்கியமும் தமிழைப் போல வினைச்சொல்லில் முடிவது. அவ்வளவில் அது நமக்குச் சற்று நெருக்கமானதே.

இக்கணக்கு வெறும் ஏட்டுச் செய்தி அன்று. ஜெர்மனியில் செவிலியராகப் பதிவு பெறப் பொதுவாக பி2 நிலை கேட்கப்படுகிறது. "மூன்றே மாதத்தில் மொழி கைவரும்" என்று ஒரு தரகர் சொன்னால், வீட்டு நகையை அடகு வைக்குமுன் காகிதத்தில் கணக்கிடுங்கள். நாளுக்கு 3 மணி நேரம் படித்தாலும் 90 நாளில் 270 மணிதான் ஆகும். 600 மணிக்கு 200 நாள் வேண்டும். அவர் காட்டும் மூன்று மாதம் பாதி வழிக்கும் போதாது. பாதி வெட்டிய கிணற்றால் பயிர் விளையுமோ?

வயது கடந்துவிட்டதே என்று தயங்குவோருக்கு ஒன்று கூறுவேன். 1879இல் திருச்சுழியில் பிறந்த ரமண மகரிஷியின் தாய்மொழி தமிழ். திருவண்ணாமலை சென்றபின், அன்பர்கள் கொணர்ந்த நூல்களைப் படித்தே வடமொழி, தெலுங்கு, மலையாளம் ஆகியவற்றில் அவர் பயிற்சி பெற்றார். தமிழில் தாம் இயற்றிய உபதேச உந்தியாரை அம்மூன்று மொழிகளிலும் தாமே ஆக்கித் தந்தார். படித்துப் பொருள் கொள்ளும் திறன் நூல் இயற்றும் திறனாக உயர்ந்ததை இங்குக் காண்கிறோம்.

ஆதலின் மாணவர்களே, அயல்மொழி கற்கப் புகுமுன் மூன்று வினாக்களை உங்களையே கேளுங்கள். எதற்காகக் கற்கிறேன்? அதற்கு எத்திறன், எந்தப் படி வேண்டும்? இன்று நான் எந்தப் படியில் நிற்கிறேன்? இவற்றிற்கு விடை தெரிந்தால், எஞ்சிய தூரமும் தெரிந்துவிடும். தூரம் தெரிந்தவன் நடையில் தளர்வதில்லை.