டெய்லரைத் திரும்ப அழைத்த கேப்டன்

(சங்கத்தின் விளையாட்டு விழாவில் ஆற்றிய உரை)

பரிசு வாங்கக் காத்திருக்கும் குழந்தைகளே, ஒரே ஒரு கிரிக்கெட் மேட்சைப் பற்றிச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

1980 பிப்ரவரி, பம்பாய் வாங்கடே ஸ்டேடியம். கிரிக்கெட் போர்டின் பொன்விழா டெஸ்ட். நம் கேப்டன் ஜி.ஆர். விஸ்வநாத். இங்கிலாந்துக்கு 58 ரன்னில் 5 விக்கெட் போய்விட்டது. அடுத்து வந்த பாப் டெய்லருக்கு, கபில் தேவ் பந்தில் கீப்பரிடம் கேட்ச் என்று அம்பயர் அவுட் கொடுத்துவிட்டார். டெய்லர் தயங்கி நிற்கிறார். முதல் ஸ்லிப்பில் நின்ற விஸ்வநாத், பந்து மட்டையில் படவில்லை என்று அம்பயரிடம் எடுத்துச் சொல்லி, அவரைத் திரும்ப ஆட வைத்தார்.

டெய்லர் 43 ரன் எடுத்தார். போத்தமுடன் சேர்ந்து 171. நாம் 10 விக்கெட் வித்தியாசத்தில் தோற்றோம். போத்தம் ஒருவரே 114 ரன்னும் 13 விக்கெட்டும் எடுத்த மேட்ச் அது. ஆகவே விஸ்வநாத்தால்தான் தோற்றோம் என்பது இந்த பி.எஸ்ஸி.க்காரனின் கணக்கில் சரிவராது. அதற்காக நமக்கு நஷ்டமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். நஷ்டம்தான், தெரிந்தே செய்தார்.

காலையில் கேரம் போர்டு அருகே ரெஃப்ரியிடம் வாதாடிய அப்பாக்களுக்கும் ஒரு வார்த்தை. அப்போது உங்கள் குழந்தைகள் காயைப் பார்க்கவில்லை. உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சரி, பரிசளிப்பை ஆரம்பிக்கலாம். முதலில் இரண்டாம் இடம் பெற்றவர்கள் மேடைக்கு வரட்டும்.