பதினைந்தாவது சுற்றுக்கு எழுந்தவர்



பட்டம் பெற்று வெற்றி கண்டிருக்கும் உங்கள் முன் தோற்றுப்போன ஒருவரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவர் பெயர் ஜோ ஃபிரேசியர். அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ஃபிலடெல்ஃபியாவில் இறைச்சிக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டே குத்துச்சண்டை பழகினார். 1964 டோக்கியோ ஒலிம்பிக் இறுதிப் போட்டியில், முறிந்த இடது கட்டைவிரலோடு ஆடித் தங்கம் வென்றார். 1971இல், அதுவரை தோல்வியே அறியாத முகமது அலியை நியூயார்க்கில் வீழ்த்தினார்.

பிறகு சரிவு தொடங்கியது. 1973இல் இன்னொரு குத்துச்சண்டை வீரரான ஜார்ஜ் ஃபோர்மன் இரண்டே சுற்றுகளில் அவரை ஆறு முறை கீழே தள்ளினார். அடுத்த ஆண்டு அலியிடமும் தோற்றார். இனி இவரால் முடியாது என்று பலரும் முடிவு கட்டினார்கள்.

1975 அக்டோபர் 1. மணிலாவை ஒட்டிய கேசோன் சிட்டியில், கொளுத்தும் வெக்கையில், அலியும் ஃபிரேசியரும் உலகப் பட்டத்துக்காக மூன்றாம் முறை மோதினார்கள். முதலில் அலியின் கை ஓங்கியது. நடுச் சுற்றுகளில் ஃபிரேசியர் நெருங்கி நின்று அலியின் விலாவிலும் வயிற்றிலும் இடைவிடாமல் குத்தினார். கடைசிச் சுற்றுகளில் அலி மீண்டார். ஃபிரேசியரின் கண்கள் வீங்கி மூடின. வரும் குத்து அவருக்குத் தெரியவில்லை. ஆனாலும் முன்னோக்கியே நடந்தார்.

பதினான்காம் சுற்று முடிந்ததும் அவருடைய பயிற்சியாளர் எட்டி ஃபட்ச் ஆட்டத்தை நிறுத்தினார். ஃபிரேசியர் மறுத்து எழப் பார்த்தார். ஃபட்ச் விடவில்லை. வென்ற அலியும் சற்று நேரத்தில் களத்திலேயே சரிந்தார். சாவுக்கு மிக அருகில் போய் வந்ததாகப் பின்னாளில் சொன்னார்.

நடுவர்களின் கணக்கில் அலிதான் முன்னிலை. ஃபிரேசியர் நியாயமாகவே தோற்றார். ஆனால் அன்றுமுதல் ஒருவர் பெயரைச் சொன்னால் மற்றவர் பெயரும் கூடவே வருகிறது. 1971இல் கிடைத்த வெற்றிகூட அந்த மதிப்பை முழுதாகத் தந்திருக்கவில்லை.

மாணவர்களே, எல்லாத் தோல்வியும் பெருமை தராது. தன்னைவிடப் பெரிய போட்டியை ஏற்று, கையில் இருந்ததையெல்லாம் கொடுத்துத் தோற்றவரையே உலகம் மதிக்கிறது. நேர்முகத் தேர்விலும் ஆய்வுக்கூடத்திலும் தொழிலிலும் நீங்கள் தோற்கப் போகும் நாள்கள் உண்டு. அப்போது வெட்கப்பட வேண்டியது, முழுதாக முயலாமல் தோற்றிருந்தால் மட்டுமே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஃபிரேசியரின் துணிவுக்கு இணையானது ஃபட்சின் துணிவு. உலகப் பட்டம் கைநழுவும் என்று தெரிந்தும் தன் வீரனின் உயிரையே அவர் பெரிதாக நினைத்தார். "இன்று போதும், எழாதே" என்று உங்களைத் தடுக்கும் உரிமையை நீங்கள் நம்பும் ஒருவருக்குக் கொடுங்கள். நாளை உங்களுக்குக் கீழே வேலை செய்பவர்கள் உடம்பைக் கெடுத்துக்கொண்டு உழைக்கும்போது, நிறுத்தச் சொல்லும் முதல் குரல் உங்களுடையதாக இருக்கட்டும்.

துணிந்து இறங்குங்கள்; ஒருவரை ஒருவர் காத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நீடூழி வாழ வாழ்த்துகிறேன்.