விட்டு விட்டு வரும் கோளாறு



திருப்பூரின் நூல் மூட்டைகளையும் பனியன் மூட்டைகளையும் சுமக்கும் டீசல் லாரிகளுள் வயது முதிர்ந்தவையும் உண்டு. அவற்றுக்கு வரும் நோய்களுள் பெருந்தொல்லை தருவது, விட்டு விட்டு வரும் நோயே. சாலையில் கியர் நழுவும். பட்டறைக்குக் கொண்டுவந்தால் ஒன்றும் தெரியாது.

இதனைச் சிறு குற்றமென்று தள்ளிவிடலாகாது. பண்ணாரிக்கும் திம்பத்துக்கும் இடையே மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. பாரத்தோடு அங்கு இறங்கும் லாரியை, தாழ்ந்த கியரில் ஓடும் எஞ்சினே பெரிதும் இழுத்துப் பிடிக்கிறது. கியர் நழுவினால் அச்சுமை முழுவதும் பிரேக்கின் மேல் விழும். பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும்.

இந்நோயை அறிவது எவ்வாறு? முதலில் ஓட்டுநரைக் கேட்டல் வேண்டும். எஞ்சின் திடீரென இரைந்தது, வண்டியோ வேகங் கொள்ளவில்லை என்கிறார். அப்போது கியர் லீவர் எங்கே இருந்தது? இருந்த இடத்திலேயே இருந்ததாயின், கிளட்ச் வழுக்குகிறதா என்று முதலில் ஐயுற வேண்டும். மிதியில் இருக்க வேண்டிய சிறு தளர்ச்சி இருக்கிறதா, தட்டில் எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லீவர் தானே நடுநிலைக்குத் துள்ளி வந்ததாயின், நழுவியது கியரே.

நழுவுவது ஒரு கியரா, எல்லாமா? ஒன்று மட்டுமெனில், அதன் பற்கள் தேய்ந்திருக்கலாம். அதைத் தள்ளும் கவை வளைந்திருக்கலாம். பூட்டி வைக்கும் குண்டின் ஸ்பிரிங் சோர்ந்திருக்கலாம். எல்லாமெனில், பெட்டியைத் தாங்கும் ரப்பரும் போல்ட்டும், லீவரின் இணைப்புகளும் தளர்ந்தனவா என்று வெளியே முதலில் ஆராய வேண்டும். பெட்டியைப் பிரித்தல் கடைசி வேலை.

ஆக்சிலேட்டரை விட்டதும் பற்களின் மீதுள்ள அழுத்தம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறுகிறது. தேய்ந்த பல் பெரும்பாலும் அந்த நொடியில்தான் நழுவும். நிற்கும் வண்டியில் அந்த அழுத்தமே இல்லை. ஆகவேதான் பட்டறையில் குற்றம் ஒளிந்து கொள்கிறது.

அமெரிக்காவில் 1939-ஆம் ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி ஹைட்ரா-மாட்டிக் என்னும் தானியங்கிக் கியரை வெளியிட்டது. அதில் எண்ணெயின் அழுத்தமே கியரை மாற்றும். அத்தகைய பெட்டிக்கும் ஆராயும் முறை இதுவே. எண்ணெயின் அளவு, நிறம், மணம் ஆகியவற்றை முதலில் பார்ப்பர். கோளாறு வருவது குளிர்ந்திருக்கையிலா, சூடேறிய பின்னா என்று கேட்பர். பின்னர் அழுத்தத்தை அளப்பர். அதன் பிறகே ஸ்பானரை எடுப்பர்.

மாணவர்களே, விட்டு விட்டு வரும் கோளாறும் காரணமின்றி வருவதில்லை. எந்தக் கியர், ஏற்றமா இறக்கமா, எவ்வளவு பாரம் என்று ஓட்டுநர் ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வந்தால், பழைய லாரியை நம்பிப் பிழைப்பவருக்கு வீண் செலவு குறையும். மலையிறங்கும் உயிருக்கும் அது காவலாகும்.